வெளிச்சத்துல வந்து சொல்லு

"அம்மாவுக்குக் காது கேக்காதா?"

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான். "கேக்குமே சார்" என்றேன். யோசிக்கவே இல்லை. பாஸ்வேர்டு அடிக்கும்போது விரல் தானாகப் போய் விழுமே, அதுபோல வந்த பதில்.

அவர் என் கையிலிருந்த ஃபைலை வாங்கிப் புரட்டினார். பிரஷர் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா, மருந்து ஒவ்வாமை உண்டா, காது கேட்பதில் சிரமம் உண்டா. வரிசையாக எல்லாவற்றுக்கும் 'இல்லை'யில் டிக். சர்க்கரைக்கு மட்டும் 'உண்டு'. எல்லாம் நான் போட்ட டிக்குகள். முந்தின நாள் ரிசப்ஷனில் உட்கார்ந்து, ஒரு காதில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்க, ஒன்றரை நிமிடத்தில் போட்டவை.

"பதினஞ்சு நிமிஷத்துல முடிய வேண்டியது, முக்கால் மணி நேரம் ஆச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க. ஆனா அடுத்த கண்ணுக்கு முன்னாடி நாம கொஞ்சம் பேசணும்" என்றார்.

*

அம்மாவுக்கு 67 வயது. சாத்தூரில் தனியாக இருக்கிறாள். அப்பா போய் ஒன்பது வருடம். நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் எஞ்சினியர். நாளுக்கு ஒரு போன், வருடத்துக்கு மூன்று முறை நேரில். அம்மாவை எனக்கு முழுசாகத் தெரியும் என்று நம்புவதற்கு இது போதுமானதாக இருந்தது.

மூன்று வருடமாகவே கண்புரை முற்றிக்கொண்டிருந்தது. தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றாள். பத்து ரூபாய்க் காசைக் கொடுத்துவிட்டு ஐந்து என்று நினைத்துக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் போனில் சொல்லித்தான் இது எதுவும் எனக்குத் தெரியவந்தது. ஆபரேஷன் என்றாலே, "இருக்கட்டும்யா, வெயில் தாழட்டும்" என்பாள். சாத்தூரில் வெயில் எப்போது தாழ்ந்தது?

பயத்துக்குக் காரணம் அம்மாச்சி. 1980களின் தொடக்கத்தில் ஒரு கண் முகாமில் அம்மாச்சிக்கு ஆபரேஷன் ஆனது. துணைக்குப் போனவள் அம்மா. அப்போது புரையை எடுப்பதென்றால், கருவிழியின் ஓரமாக ஏறத்தாழ அரைவட்டத்துக்கு வெட்டித் திறந்து, லென்ஸை அதன் உறையோடு முழுசாக வெளியே எடுப்பார்கள். பிறகு தையல். தலையை அசைக்கக் கூடாதென்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாட்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். உள்ளே மாற்று லென்ஸ் எதுவும் வைக்காததால் கடைசியில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி. அதில் எல்லாம் பெரிதாகவும் பக்கத்தில் இருப்பதுபோலவும் தெரியும். அம்மாச்சி தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிய கதையை எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

சிரிக்காமல் சொல்லப்படும் பகுதி ஒன்று உண்டு. "ஒரு வார்த்தை சொல்லலடி, கண்ணுக்குள்ள ஊசிய எறக்கிட்டாக." சாகும்வரை அம்மாச்சி இதைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

*

அந்த ஊசி உண்மையில் கண்ணுக்குள் போவதில்லை. விழிக்குப் பின்னால், விழியை அசைக்கும் தசைகள் கூம்பு மாதிரி சேரும் இடத்துக்குப் போகிறது. அங்கே மருந்து பரவினால் வலி போகும், விழி அசையாது, பார்வை நரம்பும் கொஞ்ச நேரம் மங்கிப்போகும். பக்கத்திலேயே ரத்தக்குழாய்களும் அந்தப் பார்வை நரம்பும் இருக்கின்றன. ஒருகாலத்தில் ஊசி போடும்போது நோயாளியை மேலே, மூக்குப் பக்கமாகப் பார்க்கச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் பார்வை நரம்பு ஊசியின் பாதைக்கு நெருங்கி வருகிறது என்பது பின்னால்தான் புரிந்தது. இப்போது நேராகப் பார்க்கச் சொல்கிறார்கள், ஊசியின் நீளத்தையும் குறைத்துவிட்டார்கள். தசைக் கூம்புக்கு வெளியிலேயே மருந்தை விட்டு, மேலிருந்து லேசாக அழுத்திப் பரவவிடும் முறையும் வந்துவிட்டது. அப்படியும் அரிதாக ரத்தம் கட்டலாம், இன்னும் அரிதாக விழியையே ஊசி துளைத்துவிடலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுன்சிலர் பெண் ஒரு லேமினேட் செய்த அட்டையை மேஜையில் வைத்தார். கீழிருந்து மேலாக நான்கு பேக்கேஜ். மேலே போகப் போக லென்ஸ் மாறும், ரூம் மாறும். மேல் இரண்டுக்கும் நேராக ஒரு வரி: 'ஊசி இல்லை, தையல் இல்லை, கட்டு இல்லை'. நான் அந்த வரியில் விரலை வைத்தேன். அம்மா பக்கம் திரும்பி, "ஊசியே கிடையாதும்மா. சொட்டு மருந்துதான்" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புது வெர்ஷன் வந்துவிட்டால் பழையது தப்பு என்றே மனம் எடுத்துக்கொள்ளும். ஊசி பழைய வெர்ஷன், சொட்டு மருந்து புது வெர்ஷன். காசு இருக்கிறவன் புதுசை வாங்குவான். இவ்வளவுதான் என் கணக்கு.

வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கொக்கெயின் நாக்கை மரத்துப்போக வைக்கிறதே, கண்ணை வைக்காதா என்று யோசித்தார். கொக்கெயினைப் பற்றி அவருக்கு ஆர்வமூட்டியது அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சிக்மண்ட் ஃப்ராய்ட். கோலர் முதலில் தவளையின் கண்ணில் சொட்டு விட்டார். பிறகு தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். வலிக்கவில்லை. அதற்கு முன்னால் ஈதர் கொடுத்துத் தூங்க வைத்தால், விழித்ததும் வரும் வாந்தியின் அழுத்தத்தில் வெட்டிய கண் திறந்துகொள்ளும் ஆபத்து இருந்தது. மயக்க மருந்தே இல்லாத காலத்திலோ, பின்னாலிருந்து ஒருவர் தலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

அதே 1884இல், நியூயார்க்கில் ஹெர்மன் நாப் என்ற கண் டாக்டர் கொக்கெயினை விழிக்குப் பின்னால் ஊசியால் செலுத்தினார். ஆக, சொட்டும் ஊசியும் ஒரே வருடத்துப் பிள்ளைகள்.

அப்படியானால் இவ்வளவு காலம் ஊசி ஏன் கோலோச்சியது? வெட்டு பெரியது, அதனால். கண் பாதி திறந்து கிடக்கும்போது நோயாளி இமையை ஒருமுறை இறுக்கினாலே உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். வலி போனால் மட்டும் போதாது, விழி கட்டிப்போட்டதுபோலக் கிடக்க வேண்டும்.

வெட்டு சின்னதானதில் ஒரு பல் டாக்டரின் நாற்காலிக்குப் பங்கு உண்டு. நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன் பல் சுத்தம் செய்யப் போன இடத்தில், அதிர்ந்து அதிர்ந்து காரையை உடைக்கும் கருவியைப் பார்த்தார். அதே அதிர்வால் புரையைக் கண்ணுக்குள்ளேயே நொறுக்கி உறிஞ்சிவிட்டால் என்ன? 1967இல் முதன்முதலாக ஒரு மனிதக் கண்ணில் செய்து பார்த்தார். இன்றைக்கு ஃபேக்கோ என்கிறோம். நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிரும் ஊசிமுனை, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வாசல். உள்ளே வைக்கும் லென்ஸுக்கு வேறு ஒரு கதை. இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டு உடைந்து, அதன் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் கண்ணில் தங்கிப்போன விமானிகளைப் பார்த்த லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி, அந்தப் பொருளைக் கண் பகைக்கவில்லை என்று கவனித்தார். 1949இல் அதிலேயே லென்ஸ் செய்து வைத்தார். பிற்பாடு மடித்துச் செலுத்தும் லென்ஸ் வந்தது. சின்ன வாசல் வழியாக மடிந்து போகும், உள்ளே போய் விரியும். தையல் வேண்டாம், வாசல் தானாக மூடிக்கொள்ளும்.

கண் மூடிய அறையாகவே இருப்பதால் விழியைக் கட்டிப்போட வேண்டிய கட்டாயமும் குறைந்தது. சொட்டு மருந்து திரும்பி வந்தது. 1998இல் சென்னையின் அமர் அகர்வால் அந்தச் சொட்டும் இல்லாமல் ஆபரேஷன் செய்து காட்டினார். இன்னொரு பக்கம், மெஷின் இல்லாமல் கையாலேயே, வெள்ளைவிழியில் ஆறேழு மில்லிமீட்டருக்குச் சுரங்கம்போல வெட்டிப் புரையை முழுசாக எடுக்கும் முறை. அதற்கும் தையல் கிடையாது. 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, லட்சக்கணக்கான ஏழைகளுக்குப் பார்வை கொடுத்ததில் இந்த முறைக்கும், 1992இல் தொடங்கிய ஆரோலேபின் மலிவான லென்ஸுக்கும் பெரிய பங்கு உண்டு. அங்கேயெல்லாம் ஊசி வழக்கொழிந்த பொருள் இல்லை. சுரங்கம் கொஞ்சம் பெரிது, கையின் வேலை கொஞ்சம் அதிகம், விழி சும்மா கிடந்தால்தான் நல்லது.

சொட்டு மருந்து கண்ணின் மேற்பரப்பை மட்டும்தான் மரத்துப்போக வைக்கும். விழி அசையும், பார்வை இருக்கும், தலை திரும்பும். அசையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை மருந்திடமிருந்து நோயாளியிடம் வந்துவிடுகிறது. டாக்டர் பேசுவார், நோயாளி கேட்பார். "லைட்டைப் பாருங்க. அசையாதீங்க. இப்ப கொஞ்சம் அழுத்தும்." அந்தக் குரல்தான் மயக்க மருந்தின் மீதிப் பாதி. லேமினேட் அட்டையில் அது எழுதப்படவில்லை. ஆனால் நான் டிக் போட்ட படிவத்தில் ஒரு கேள்வியாக இருந்தது.

*

உள்ளே நடந்ததை இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள்.

டாக்டர் சொன்னது: லென்ஸைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு வட்டமாகக் கிழிக்க வேண்டும். வெங்காயத்தின் உள்தோலை வட்டம் பிசகாமல் உரிப்பது மாதிரி. வட்டம் ஓரத்துக்கு ஓடிவிட்டால் உறை கிழிந்து, புது லென்ஸ் வைக்க இடமில்லாமல் போகலாம். பாதி வட்டத்தில் இருக்கும்போது, "கீழ பாருங்கம்மா" என்றிருக்கிறார். அம்மா தலையோடு அவர் பக்கம் திரும்பிவிட்டாள். கிழிசல் ஓரத்தை நோக்கி ஓடப் பார்த்திருக்கிறது. கருவியை வெளியே எடுத்துவிட்டார். "அசையாதீங்கம்மா" என்று சத்தமாகச் சொன்னார். அம்மா இன்னும் திரும்பினாள்.

அதற்குமேல் பேச்சு உதவாது என்று புரிந்துகொண்டு, வெள்ளைவிழியின் மேல்தோலில் சின்னதாக ஒரு வெட்டு போட்டு, கூர்முனை இல்லாத வளைந்த குழாய் வழியாக மருந்தை விழிக்குப் பின்னால் செலுத்தினார். ஐந்து நிமிடத்தில் விழி அடங்கியது. கிழிசலை மெதுவாக வட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து வேலையை முடித்தார்.

"அவங்க மேல தப்பு இல்ல. யாராவது பேசினா நாம திரும்பி அவங்க முகத்தைப் பாப்போம்ல, அதத்தான் செஞ்சாங்க" என்றார்.

அம்மா சொன்னது: "ஊதா, செவப்பு, மஞ்சளா என்னென்னமோ ஓடுச்சுய்யா, தண்ணிக்கடியில கெடக்க மாதிரி. யாரோ கூப்பிட்டாக. யாருன்னு தெரியல. மூஞ்சிய மூடி வச்சிருந்தாக, அவுகளும் மூஞ்சிய மூடியிருந்தாக. நான் எதப் பாத்துக் கேக்குறது?"

எதைப் பார்த்துக் கேட்பது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் இந்த வாக்கியம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து மறுநாள், அம்மா அடுப்படியில் நிற்கும்போது பின்னால் நின்று "அம்மா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாக. திரும்பவில்லை. தெருவில் ஆட்டோவைக் கூப்பிடும் குரலில் கத்தினேன். "என்னய்யா?" என்று சாதாரணமாகத் திரும்பினாள்.

"எத்தனை வருஷமாம்மா?"

அவள் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டு எடுத்த கண்ணால், கூர்மையாக.

"அப்பா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. வாயப் பாத்துப் புரிஞ்சிக்குவேன். அப்புறம் இந்தக் கொரோனா வந்துச்சு, எல்லாரும் மாஸ்க்கப் போட்டுக்கிட்டாக. மாஸ்க்கக் கழத்துனப்ப எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"நீ அஞ்சு நிமிசம் பேசுவ. அதுல மூணு நிமிசம் நான் என்ன என்னன்னு கேட்டா, வச்சிருவ."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் போன் பேச்சுகளை நினைத்துப் பார்த்தேன். எப்போதும் அம்மாதான் பேசுவாள். என்ன குழம்பு, கரண்ட் எப்போது போனது, யார் வீட்டில் விசேஷம். இடையில் நான் சொல்வதற்கு "சரிய்யா", "நல்லதுய்யா". தொணதொணவென்று பேசுகிறாள் என்று நண்பர்களிடம் குறை சொல்லியிருக்கிறேன். கேட்க வேண்டிய நேரத்தைப் பேசியே தாண்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதில் ஒரு போன் மட்டும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. 2021இல் எனக்கு வேலை போனது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பத்து நிமிட வீடியோ காலில் முப்பது பேரை அனுப்பினார்கள். அன்று ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டேன். "வேலை போயிருச்சும்மா" என்றேன். "நல்லதுய்யா. நேரத்துக்குச் சாப்பிட்டுப் படு" என்றாள். அதோடு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டரை மாதத்தில் வேறு வேலை கிடைத்தது, அதையும் சொல்லவில்லை. அவளுக்கு என் சம்பளம் வந்தால் போதும் என்றுகூட ஒரு கெட்ட நேரத்தில் நினைத்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் ஊருக்குப் போவது வருடத்துக்கு மூன்று முறையாகக் குறைந்தது.

*

அடுத்த கண்ணுக்கு ஆறு வாரம் கழித்துப் போனோம். இந்த முறை படிவத்தை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக அவளிடம் கேட்டு நிரப்பினேன். இருபது நிமிடம் ஆனது. மூட்டுவலிக்கு அவள் நாட்டு வைத்தியரிடம் ஒரு பொடி வாங்கிச் சாப்பிடுவது உட்பட மூன்று விஷயங்கள் எனக்குப் புதியவை.

டாக்டர் என்னிடம் பேசத் தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டு, நாற்காலியை அம்மாவுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றினார்.

"அம்மா, இந்தக் கண்ணுக்கு ஊசி போட்டுச் செய்யலாம்னு நெனைக்கிறேன். ஊசி போட்டா கண்ணு அசையாது, நீங்க எதையும் கேட்டுச் செய்ய வேண்டியதில்ல. ஊசியில கொஞ்சம் ஆபத்து உண்டு, ரொம்ப அரிது. ஊசி வேண்டாம்னா, போன தடவை கடைசியில செஞ்ச மாதிரி குழாயில மருந்து விடலாம். உங்களுக்கு எது சரின்னு சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். குழாய் முறையே மேல் என்று சொல்ல என்னிடம் காரணங்கள் இருந்தன, நிறையப் படித்திருந்தேன். அம்மா கையால் என்னை அமர்த்தினாள்.

"வலிக்குமா?"

"மொதக் குத்து வலிக்கும். அப்புறம் கண்ணைப் பிடிச்சு அழுத்துற மாதிரி இருக்கும். அப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் அந்தக் கண்ணு உங்க பேச்சக் கேக்காது."

"காதுதான் கேக்கல, கண்ணுமா" என்று அம்மா சிரித்தாள். பிறகு சொன்னாள்: "ஊசியே போடுங்க. ஆனா போடப்போறப்ப எனக்குச் சொல்லிட்டுப் போடுங்க. எங்கம்மாவுக்கு யாரும் சொல்லல."

உள்ளே யாரும் வாயால் சொல்லி அவளுக்குக் கேட்காது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு சிஸ்டர் அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை அழுத்தினால், இப்போது ஊசி. இரண்டுமுறை அழுத்தினால், எல்லாம் சரியாகப் போகிறது. அம்மாவுக்கு ஏதாவது என்றால் அவள் அழுத்த வேண்டும். ஜன்னலோரமாக நின்று இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை பழகிப் பார்த்தார்கள்.

பதினெட்டு நிமிடத்தில் அம்மா வெளியே வந்தாள். "அந்தப் புள்ள கை ஜில்லுனு இருந்துச்சு. ரெண்டு ரெண்டா அழுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றாள். ஊசியைப் பற்றி நான் கேட்கும்வரை சொல்லவில்லை. கேட்டதற்கு, "வலிச்சுச்சு. சொல்லிட்டுத்தான் போட்டாக" என்றாள்.

*

காதுக்கு மிஷின் வாங்கியாயிற்று. பாதி நாள் டப்பாவில்தான் கிடக்கிறது, கொய்யென்று சத்தம் வருகிறதாம். பக்கத்து வீட்டு அக்கா பையன் வீடியோ கால் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறான். இப்போதெல்லாம் நான் நடந்துகொண்டே பேச முடியாது. போனை எதிரில் நிறுத்தி வைத்து, உட்கார்ந்து பேச வேண்டும்.

போன மாதம் ஒரு ராத்திரி, அந்த 2021 விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். "அன்னைக்கு ஒரு நாள் போன் பண்ணேன்ல..." என்றதும் அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒம் மூஞ்சி இருட்டா இருக்கு. கொஞ்சம் வெளிச்சத்துல வந்து சொல்லு."

எழுந்து போய் டியூப்லைட்டுக்கு நேராக உட்கார்ந்தேன். மெதுவாக, வாயைத் திறந்து, முழுசாகச் சொன்னேன். அவள் கண்ணைச் சுருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள், இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல.

"எத்தன மாசம்?"

"ரெண்டரை மாசம்மா."

"அப்பச் சோத்துக்கு என்னய்யா பண்ண?"